கடைக்கால் தோண்டுமுன்

வட அயர்லாந்தில், பான் ஆற்றங்கரையிலுள்ள கோல்ரேன் ஊரருகே மவுண்ட் சாண்டல் என்றொரு மேடு. 1970களின் தொடக்கத்தில் அங்கே வீடுகள் கட்டத் திட்டமிட்டார்கள். அதற்கு முன் மண்ணைப் பார்த்துவிட வேண்டுமென்று பீட்டர் உட்மன் 1973 முதல் 1977 வரை அகழ்ந்தார். கிடைத்தவையும் வீடுகளே! ஏறத்தாழ 9,700 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அயர்லாந்தில் இதுவரை கண்டவற்றுள் மிகப் பழையவை.

வீடு என்றதும் சுவரைத் தேடாதீர்கள், நண்பர்களே! கழி நட்ட குழிகள்தாம் மிஞ்சின. மரம் மக்கிவிடும், குழியை நிரப்பிய மண் மட்டும் நிறம் மாறி நிற்கும். அக்கறைகளை ஒவ்வொன்றாகக் குறித்தபோது சுமார் ஆறு மீட்டர் அகல வட்டம் தெரிந்தது, நடுவே அடுப்பு.

வேதியியல் பயிலும் எனக்கு அந்த அடுப்புக் குப்பையே பெருவியப்பு. அங்குள்ள அமில மண் சாதாரண எலும்பைக் கரைத்துவிடும். தீயில் வெந்த எலும்போ தப்பிவிடும். அப்படித் தப்பியவற்றில் காட்டுப்பன்றி மிகுதி. கோடையில் ஆற்றேறும் சால்மன் மீன், இலையுதிர் காலத்து விலாங்கு, ஹேசல் கொட்டை, குளிர்காலத்தில் கொன்ற இளம்பன்றி – இவற்றைச் சேர்த்துப் பார்த்து, ஆண்டின் பெரும்பகுதியும் மக்கள் அங்கேயே தங்கினர் என்று உட்மன் கருதினார். கருகிய கொட்டையோடு கார்பன் காலக்கணிப்புக்கும் உதவிற்று. ஒரே பருவத்தில் விளைவதாயிற்றே! முதுமரத்துக் கரியில் அந்த உறுதி இல்லை.

இத்தனையும் மண்ணில் இருந்தவை. மண்வாரி இயந்திரத்துக்கு ஒரு காலை வேலை.

சென்ற மாதம் நம் விடுதிக்குப் பின்னே கடைக்கால் வெட்டினார்கள். குழியின் பக்கத்தில் கறுப்பாக ஒரு பட்டை ஓடியது. எனக்குத் தெரிந்த இந்தியில் தட்டுத் தடுமாறிக் கேட்டேன். "குப்பை" என்றார் மேஸ்திரி. மறுநாள் போய்ப் பார்த்தபோது கான்கிரீட் போட்டிருந்தார்கள்.