மருந்துக்கு அடங்காத மலேரியாவும் புதிய மருந்துகளும்

பள்ளிக்கரணையில் வாழ்வோரிடம் மலேரியாவைப் பற்றி வினவினால் பெரும்பாலோர் சதுப்பு நிலத்தையே சுட்டுவர். அப்பழி பொருத்தமன்று. சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபென்சி என்னும் கொசு, கிணறு, மேல்நிலைத் தொட்டி, கட்டட வேலைக்குத் தேக்கிய நீர் போன்ற தெளிந்த நீரையே நாடி முட்டையிடுகிறது. காரணத்தை வெளியே தேடி வீட்டு மாடியை மறப்பது நம் இயல்பு. மருந்து பற்றியும் இத்தகைய மறதி உண்டு. புதிய மருந்து வந்ததென்று மகிழ்கிறோம். பழைய மருந்து ஏன் தோற்றதென்று கேட்பதில்லை. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல் குறித்து ஒரு குறிப்பு. ‘மருந்து எதிர்ப்பு’ என்னும் வழக்கு, எதிர்ப்பது மருந்தா கிருமியா என்ற மயக்கத்திற்கு இடந்தருகிறது. ‘மருந்துக்கு அடங்காமை’ என்பதே தெளிவுடையது எனக் கருதி, அதனையே இங்கு ஆள்கிறேன்.

பட்டையும் மாத்திரையும்

மலேரியா மருந்தின் வரலாற்றில் தமிழகத்திற்கும் பங்குண்டு. தென்னமெரிக்காவின் சிங்கோனா மரங்களை 1860களில் ஆங்கில அரசு நீலகிரியில் பயிரிட்டது; அவற்றின் பட்டையிலிருந்து கொயினா எடுக்கும் ஆலை நடுவட்டத்தில் இயங்கியது. இரண்டாம் உலகப்போருக்குப்பின் செயற்கை மருந்தாகிய குளோரோகுயின், மலிவாலும் ஆற்றலாலும் அவ்விடத்தைக் கைப்பற்றியது. எனினும் 1973ஆம் ஆண்டிலேயே அசாமின் கார்பி ஆங்லாங் பகுதியில் அம்மருந்துக்கு அடங்காத பால்சிபாரம் கிருமி கண்டறியப்பட்டது.

அடங்காமை எவ்வாறு நேர்கிறது? கிருமி குருதிச் சிவப்பணுவினுள் புகுந்து ஈமோகுளோபினை உண்கிறது. அவ்வுணவில் எஞ்சும் இரும்புச் சேர்மமாகிய ஈம் கிருமிக்கே நஞ்சாகும். ஆதலால் அதனைப் படிகமாக்கித் தன் செரிமானப் பையில் ஒதுக்குகிறது. குளோரோகுயின் அப்படிகமாதலைத் தடுக்க, கிருமி தன் கழிவாலேயே மடிகிறது. அடங்காத கிருமியிலோ, அப்பையின் சுவரிலுள்ள ஒரு புரதம் திரிந்து, உட்புகும் மருந்தை வெளியேற்றிவிடுகிறது. மருந்தின் ஆற்றல் குன்றவில்லை. அது சேரவேண்டிய இடத்தில் தங்குவதில்லை.

இலக்னோவின் முயற்சி

சீன அறிஞர் தூ யூயூவின் குழு 1972இல் ஆர்ட்டிமிசியா அன்னுவா என்னும் செடியிலிருந்து ஆர்ட்டிமிசினினைப் பிரித்தெடுத்தது. 2015இல் அவர் நோபல் பரிசு பெற்றார். இதன் மூலக்கூறில் இரண்டு உயிர்வளி அணுக்களாலான பாலம் ஒன்றுண்டு. ஈமின் இரும்பு பட்டவுடன் பாலம் உடைந்து, வீரியமிக்க துணுக்குகள் எழுந்து கிருமியை அழிக்கின்றன. கிருமியின் உணவே அதற்குக் கூற்றாவது வியப்பன்றோ!

இலக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் இப்பொருளை மாற்றியமைத்து ஆர்ட்டீத்தர் ஊசியை உருவாக்கியது; 1997இல் அது விற்பனைக்கு வந்தது. கடும் நோயாளிகளுக்குப் பயன்பட்டது உண்மையே. ஆயினும் இவ்வின மருந்துகள் சில மணி நேரமே குருதியில் நிலைப்பவை. தனித்து வழங்கினால், தப்பிய சில கிருமிகளே மீண்டும் பெருகி அடங்காமையை வளர்க்கும். ஆதலின், நெடுநாள் நிற்கும் துணைமருந்து ஒன்றுடன் கூட்டியே தரவேண்டுமென உலக நலவாழ்வு நிறுவனம் 2006இல் வற்புறுத்தியது. வாய்வழி உட்கொள்ளும் தனிமருந்தை 2009இல் இந்தியா தடைசெய்தது.

துணைமருந்து சோர்ந்தாலும் கூட்டு தோற்கும். வடகிழக்கு மாநிலங்களில் ஆர்ட்டிசுனேட்டுடன் தந்த சல்பாடாக்சின்-பைரிமெத்தமின் பயனற்றுப் போனமையால், 2013இல் அங்கு ஆர்ட்டிமீத்தர்-லூமிபான்ட்ரின் கூட்டுக்கு மாறவேண்டியதாயிற்று.

ரான்பாக்ஸி நிறுவனம் 2012 ஏப்ரல் 25ஆம் நாள் வெளியிட்ட சின்ரியம் இவ்வரிசையில் குறிப்பிடத்தக்கது. ஆர்ட்டரோலேன், பைப்பெராகுயின் இரண்டும் கலந்தது. நாளொன்றுக்கு ஒரு மாத்திரையாக மூன்று நாள். ஆர்ட்டரோலேன் முழுதும் செயற்கைப் பொருளாதலின் செடியின் விளைச்சலை நம்பி நிற்பதன்று. அதன் வளர்ச்சியில் துணைநின்ற பன்னாட்டு அமைப்பு 2007இல் விலகியபின்னும், இந்திய நிறுவனம் விடாது தொடர்ந்தமை பாராட்டுக்குரியது. எனினும் கம்போடியாவில் ஆர்ட்டிமிசினின் இனம், பைப்பெராகுயின் ஆகிய இரண்டுக்கும் அடங்காத கிருமிகள் தோன்றிவிட்டன. ருவாண்டா, உகாண்டா நாடுகளிலும் ஆர்ட்டிமிசினினுக்கு அடங்காமை கண்டறியப்பட்டுள்ளது. எனவே, இவற்றின் தொடர்பற்ற கானாபிளாசைடு போன்ற புதுப்பொருள்கள் ஆராயப்படுகின்றன.

எஞ்சிய பதினொரு நாள்

சென்னையில் மிகுதியாகக் காணப்படுவது வைவாக்ஸ் மலேரியா. இதற்கு இங்கு இன்றும் குளோரோகுயினே மூன்று நாள் தரப்படுகிறது. ஆனால் இக்கிருமி ஈரலில் உறங்கிக் கிடந்து திங்கள் பல கழித்தும் எழவல்லது. உறங்கும் கிருமியை ஒழிக்கப் பிரைமாகுயின் 14 நாள் உட்கொள்ள வேண்டும். காய்ச்சலோ மூன்றாம் நாளே தணிந்துவிடும். எஞ்சிய பதினொரு நாள் மாத்திரைகள் பல வீடுகளில் அலமாரியிலேயே தங்கிவிடுகின்றன. மீண்டும் காய்ச்சல் வந்தால், ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்கிறோம்! இதனை அடங்காமை என்பது பிழை. இக்குறையை நீக்கவே ஒரே வேளை உட்கொள்ளும் டாபினோகுயின் உருவாக்கப்பட்டு, 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஜி6பிடி என்னும் நொதி குறைந்தவர்க்கு இவ்விரு மருந்தும் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். ஆதலால் டாபினோகுயின் தருமுன் அந்நொதிக்கான குருதிச் சோதனை இன்றியமையாதது.