மீனம்பாக்கத்து வானூர்தி நிலையம்

அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்துச் சிறுவர் விமானத்தின் ஒலி கேட்டு அண்ணாந்து பார்ப்பதை என்றோ விட்டுவிட்டனர். நாள்தோறும் காணும் பொருள் வியப்பைத் தருவதில்லை. மீனம்பாக்கம் அவ்வூருக்குத் தெற்கே ஏறத்தாழப் பதினைந்து கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆனால் விமானம் வந்திறங்கும் இடம் அதனினும் அண்மையில் இருந்த காலமும் உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது, இன்று சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரியே ஒரு விமானத் தளமாக விளங்கியது. நீரில் மிதக்கவும் நீரிலிருந்தே மேலெழவும் வல்ல ‘கேட்டலினா’ என்னும் பறக்கும் படகுகளை ஆங்கிலேய விமானப்படையினர் அவ்வேரியில் நிறுத்தியிருந்தனர். அவை வங்கக் கடலின்மீது நெடுந்தொலைவு பறந்து, பகைவரின் கப்பல்களையும் நீர்மூழ்கிகளையும் தேடி மீண்டன. அருகிலுள்ள சோழவரத்திலும் போர்க்கால ஓடுபாதை ஒன்று அமைந்தது. போர் முடிந்தபின் அதில் மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெறலாயின.

சென்னைக்கும் வான்பயணத்துக்கும் உள்ள உறவு போருக்கும் முற்பட்டது. 1910ஆம் ஆண்டில் ஜியாகோமோ தி ஆஞ்செலிஸ் என்னும் ஓட்டல் உரிமையாளர் சிம்சன் தொழிற்கூடத்தாரின் துணையோடு ஒரு விமானத்தைச் செய்வித்துப் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். விருந்தோம்பும் தொழிலினர் ஒருவர் விண்ணில் ஏறத் துணிந்தது விந்தையே. எனினும் அது காட்சியளவில் நின்றது. பயன் விளைத்தது 1932ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 15ஆம் நாள் தொடங்கிய அஞ்சல் விமானமே ஆகும். இந்தியாவில் முதன்முதலாக விமானி உரிமம் பெற்ற ஜே. ஆர். டி. டாட்டா, கராச்சியிலிருந்து அகமதாபாத்து வழியாகப் பம்பாய்க்கு அதனைச் செலுத்தினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பார் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொணர்ந்தார். இங்கிலாந்திலிருந்து கராச்சி வரை வந்த கடிதங்களே அதன் சுமை. விமானமோ ஒற்றைப் பொறி உடைய சிறு கலம். வானொலித் தொடர்பு இல்லை. தரையிலிருந்து வழிகாட்டுவார் இல்லை. ஆற்றையும் மலையையும் இருப்புப்பாதையையும் கண்ணால் கண்டே விமானி திசை அறிந்தார். அந்நிறுவனமே 1946இல் ஏர் இந்தியா எனப் பெயர் பெற்றது. 1953இல் நாட்டின் விமான நிறுவனங்கள் அரசுடைமையாயின. 2022இல் ஏர் இந்தியா மீண்டும் டாட்டா நிறுவனத்தாரிடம் சேர்ந்தது.

விமான நிலையம் என்றதும் கண்ணாடிச் சுவர்களும் நகரும் படிகளுமே பலர் நினைவுக்கு வரும். அவை பயணிக்கு வேண்டுவன. விமானத்துக்கு வேண்டுவது ஓடுபாதை. மீனம்பாக்கத்தில் அத்தகைய பாதைகள் இரண்டு உள்ளன. முதன்மையான பாதையின் நீளம் 3,658 மீட்டர். அதன் ஒரு முனையில் 07 என்றும் மறுமுனையில் 25 என்றும் பெரிய எண்கள் தீட்டப்பட்டுள்ளன. இவை வரிசை எண்கள் அல்ல, திசையைக் காட்டுவன. வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளந்தால், ஒரு முனையில் நுழையும் விமானம் ஏறத்தாழ 70 பாகைத் திசையை நோக்கியும், மறுமுனையில் நுழைவது 250 பாகைத் திசையை நோக்கியும் ஓடும். இறுதிச் சுழியை நீக்கி எழுதினால் 07, 25 ஆகும். உலகெங்கும் இம்முறையே வழங்குகிறது. விமானம் காற்றை எதிர்த்தே இறங்கவும் ஏறவும் வேண்டும். எதிர்க்காற்று இறக்கைகளுக்குத் தூக்குவிசையைத் தருதலால் குறைந்த தொலைவே போதுமானதாகும். ஆதலின் தென்மேற்குக் காற்று வீசுங்கால் விமானங்கள் கடற்புறமிருந்து வந்து இறங்குகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றின்போது பம்மல் பக்கமிருந்து வருகின்றன. பருவம் மாறியதைப் பம்மலில் வாழ்வோர் காதாலேயே அறிவர்.

இரண்டாம் பாதைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அதுவே அதன் தொல்லையும் ஆகும். அதனை நீட்டுவதற்கு நிலம் போதவில்லை. குறுக்கே அடையாறு ஓடியது. எனவே ஆற்றின்மீது பாலம் அமைத்து, அப்பாலத்தின்மேல் ஓடுபாதையைக் கொண்டு சென்றனர். கோடையில் அதனைப் பார்ப்பவர், சிறு வாய்க்காலுக்கு இத்துணைப் பெரிய பாலமா என்று எண்ணுவர். 2015ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள் அவ்வாறு எண்ணியவர் எவரும் இலர். பெருமழையால் நிரம்பிய செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அடையாறு கரை கடந்தது. ஓடுபாதைகள் நீரில் மூழ்கின. நின்றிருந்த விமானங்களின் சக்கரங்களை வெள்ளம் சூழ்ந்தது. அன்றிரவு மூடப்பட்ட நிலையத்தில் ஆறாம் நாளன்றே பயணிகள் விமானங்கள் மீண்டும் இயங்கத் தொடங்கின. இடைப்பட்ட நாள்களில், அரக்கோணத்துக் கடற்படை விமானதளத்தின் நீண்ட ஓடுபாதை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நகரில் சிக்கியோர் அங்குச் சென்று ஐதராபாத்து, பெங்களூர் முதலிய நகரங்களுக்குப் பறந்தனர். 2023ஆம் ஆண்டு திசம்பரில் மிக்சாம் புயலின்போதும் மீனம்பாக்கத்து ஓடுபாதையில் நீர் தேங்க, ஏறத்தாழ ஒருநாள் விமானங்கள் இயங்கவில்லை. ஆற்றின் வழியில் அமைந்த நிலையத்துக்கு ஆறு வருவது புதுமையன்று.

சென்னைக்கு நீர் எவ்வாறு பகையோ, அவ்வாறே குளிர்நாடுகளுக்குப் பனிக்கட்டி பகையாகும். அனைத்துலக விமானப் போக்குவரத்து விதிகளை வகுக்கும் அமைப்பின் தலைமையகம் கனடா நாட்டு மான்ட்ரீல் நகரிலேயே உள்ளது. அந்நாட்டில் 1989ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் நிகழ்ந்த விபத்து, ஒரு சிறு குறை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குச் சான்று. டிரைடன் என்னும் சிற்றூர் நிலையத்தில் ஒரு விமானம் வந்து நின்றது. பனி பெய்துகொண்டிருந்தது. இறக்கையில் படிந்த பனியை நீக்கவேண்டுமாயின் பொறிகளை நிறுத்தவேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. நிறுத்திய பொறியை மீண்டும் இயக்கத் துணைசெய்யும் கருவி அவ்விமானத்தில் பழுதுற்றிருந்தது. அதற்கு மாற்றான தரைக்கருவியோ அந்நிலையத்தில் இல்லை. ஆகவே பனி நீக்கப்படவில்லை. மேலெழுந்த விமானம் உயரம் பெறாமல் காட்டில் வீழ்ந்தது. அதில் இருந்த 69 பேருள் 24 பேர் மாண்டனர். நீதிபதி மொஷான்ஸ்கி நெடிய விசாரணை நடத்தினார். அவர் விமானியின் பிழையோடு நின்றுவிடவில்லை. நிறுவனத்தையும் அரசின் கண்காணிப்பையும் சேர்த்தே ஆராய்ந்தார். அதன் பயனாகக் கனடாவில் பனி நீக்கும் விதிகள் கடுமையாயின.

நிலையத்தில் பணிபுரிவோரைப் பயணிகள் பெரும்பாலும் காண்பதில்லை. கொதிக்கும் தளத்தில் பெட்டிகளை ஏற்றி இறக்குவோர், எரிபொருள் நிரப்புவோர், கோபுரத்தில் அமர்ந்து விமானங்களுக்கு இடைவெளி வகுப்போர், பறவைகளை விரட்டுவோர் எனப் பலதிறத்தினர் அங்கு உளர். ஓடுபாதையில் கிடக்கும் கல்லையும் ஆணியையும் தேடி அகற்றுவதும் ஒரு பணியே. அதனை எளிதென எண்ணற்க. 2000ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பாரிசு நகரில் ‘கான்கார்டு’ விமானம் தீப்பற்றி வீழ்ந்து 113 பேர் இறந்தனர். வேறொரு விமானத்திலிருந்து கழன்று ஓடுபாதையில் விழுந்த, ஒரு முழத்துக்கும் சற்றுக் குறைந்த உலோகப் பட்டை ஒன்று சக்கரத்தைக் கிழித்ததே அதற்குத் தொடக்கமாயிற்று.

விமானத்துள் பணிபுரிந்த மகளிரின் நிலை நெடுங்காலம் இரங்கத்தக்கதாய் இருந்தது. ஏர் இந்தியாவில் பணிப்பெண் ஒருவர் சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் மணம் புரிந்தால் வேலை போகும். முதன்முறை கருவுற்றாலும் போகும். முப்பத்தைந்து வயதில் ஓய்வு. அதற்குமேல் நீட்டிப்பது மேலாண்மை இயக்குநரின் விருப்பம். உடன் பணிபுரிந்த ஆடவர்க்கோ ஓய்வு வயது 58. நர்கேஷ் மீர்ஸா என்பவரும் பிறரும் தொடுத்த வழக்கில், கருவுற்றால் நீக்கும் விதி கொடியது எனக் கூறி 1981இல் உச்சநீதிமன்றம் அதனைத் தள்ளியது. இயக்குநரின் வரம்பற்ற விருப்பத்தையும் நீக்கியது. எனினும் திருமணம் பற்றிய விதியை ஏற்றுக்கொண்டது. ஆதலின் அவ்வெற்றி முழுமையானது என்று சொல்லுவதற்கில்லை.

விமானிகளின் வழக்கு உறக்கத்தைப் பற்றியது. களைத்த கண் கருவிகளைத் தவறாகப் படிக்கும். வாரத்தில் தொடர்ந்து 36 மணி நேரமாக இருந்த ஓய்வை 48 மணி நேரமாக உயர்த்தியும், இரவில் இறங்கும் எண்ணிக்கையைக் குறைத்தும் 2024ஆம் ஆண்டில் புதிய விதிகள் வெளியாயின. அவை 2025ஆம் ஆண்டு சூலையிலும் நவம்பரிலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. போதிய விமானிகளை முன்னரே சேர்த்துக்கொள்ளாத நாட்டின் மிகப்பெரிய விமான நிறுவனம் அவ்வாண்டு திசம்பரில் தடுமாறியது. ஒரே நாளில் பல நூறு பயணங்கள் கைவிடப்பட்டன. சென்னை உள்ளிட்ட நிலையங்களில் பயணிகள் பெட்டிகளையே தலையணையாகக் கொண்டு தரையில் கிடந்தனர். திருமணத்துக்குச் செல்வோரும் தேர்வுக்குச் செல்வோரும் அவர்களுள் இருந்தனர். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்பட்ட விதியை எதிர்பாரா இடர் என்று சொல்லுதல் பொருந்தாது. ஆயினும் பயணிகளின் துயரை முன்னிட்டு, இரவுப் பணி பற்றிய விதிகளை அந்நிறுவனத்துக்கு மட்டும் அரசு குறித்த காலத்துக்குத் தளர்த்தியது. வாரத்துக்கு 48 மணி நேர ஓய்வு என்னும் விதி தொடர்ந்து நின்றது.