விளம்பரத்திற்குச் செவியும் வேண்டும்

“பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?” என்பர் பெரியோர். ஆனால் பூவின் மணம் தெருக்கோடி வரைதான் செல்லும். தொலைவில் உள்ளோரை எட்டுவது எப்படி?

குஜராத்தின் ஆனந்த் நகரில் 1946ஆம் ஆண்டு பால் உற்பத்தியாளர்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினர். அதில் பிறந்ததே அமுல். 1966இல் புள்ளிக் கவுன் அணிந்த சுட்டிப் பெண்ணின் சித்திரம் அமுல் வெண்ணெயின் விளம்பரமாயிற்று. அவள் வெண்ணெயைப் பற்றி மட்டும் பேசவில்லை. கிரிக்கெட், திரைப்படம், அரசியல் என மக்கள் அன்றன்று பேசியதையே வேடிக்கையாகப் பேசினாள். இன்று முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் அதே பணியைச் செய்கிறாள்.

இதில் நாம் கற்பவை இரண்டு. ஒன்று, காலமறிந்து பேசுதல். நேற்றைய வேடிக்கை இன்று சுவைக்காது. மற்றொன்று, உருவும் குரலும் மாறாதிருத்தல். அதனால்தான் கண்டவுடன் அடையாளம் தெரிகிறது.

இவற்றோடு மூன்றாவதும் ஒன்று வேண்டும். சாலையோரப் பலகைக்கு வாய் உண்டு, செவி இல்லை. சமூக ஊடகத்திற்கோ இரண்டும் உண்டு. அங்கே குறை கூறுபவருக்குப் பணிவாக விடையளித்து, குறையையும் நீக்கும் வணிகரே நிலைப்பர். பொய்ப் புகழுரை விரைவில் வெளிப்பட்டுவிடும். கூட்டுறவுப் பொருள் நம்பிக்கையை இழந்தால், பால் கறக்கும் ஏழைக் குடும்பங்களின் பிழைப்பும் அல்லவா போகும்?

ஆகவே தோழியரே, முதலில் பூவில் மணம் இருக்கட்டும். பிறகு அதைப் பற்றிப் பேசுவோம்!