அளவுகோல் அறிந்து வரைக

2009ஆம் ஆண்டு இந்திய அரசு, ரூபாய்க்கான குறியீட்டை வடிவமைக்கப் போட்டி ஒன்றை அறிவித்தது. குறியீடு நாட்டின் பண்பாட்டைக் காட்ட வேண்டும். விசைப்பலகைக்கும் பொருந்த வேண்டும் என்பன அதன் விதிகளுள் சில. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற தமிழர் உதயகுமார், தேவநாகரி ‘ர’வையும் உரோமன் ‘ஆர்’ எழுத்தையும் இணைத்து வரைந்த எளிய வடிவம் 2010இல் ஏற்கப்பட்டது.

பல்கலைக்கழகத்தில் வரைகலை வடிவமைப்புப் பயில்வோர்க்கும் இதுவே வழி. வரையத் தொடங்குமுன் மதிப்பீட்டு நோக்கங்களைப் படித்தல் வேண்டும். ஆய்வு, கருத்துருவாக்கம், முன்வரைவு, இறுதி வடிவம், தன்மதிப்பீடு ஆகிய ஒவ்வொன்றிற்கும் நாள் ஒதுக்குதல் வேண்டும். கைவிட்ட முன்வரைவுகளையும் காரணம் குறித்துப் பாதுகாத்தல் நன்று. சிந்தித்த வழியைக் காட்டாத அழகிய படமும் மதிப்பெண் இழக்கக்கூடும்.

கற்பவை கற்றபின்: பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழை மதிப்பிட மூன்று அளவுகோல்களை எழுதுக, பின்னர் வரைக.