பழைய வீட்டின் வயரிங்: மாற்றவேண்டிய காலம் எது?

மின்னி பேயில் கடலருகே வாழும் நாம், மழைக்கும் உப்புக்காற்றுக்கும் அஞ்சிச் சுவருக்கு வண்ணம் பூசுகிறோம், கூரையைச் செப்பனிடுகிறோம். சுவருக்குள் ஓடும் மின்கம்பியை மட்டும் மறந்துவிடுகிறோம்.

ஈரமும் உப்பும் செம்பை அரிக்கின்றன. அரித்த இணைப்பு தளர்கிறது. தளர்ந்த இடத்தில் மின்தடை கூடி வெப்பம் பிறக்கிறது. அவ்வெப்பமே தீக்கு வித்தாகிறது.

வீடு நமக்குச் சில அறிகுறிகளைக் காட்டும். அடிக்கடி ஃபியூஸ் போதல், மோட்டார் ஓடும்போது விளக்கு மங்குதல், சுவிட்சு சுடுதல், பிளக் பாயின்ட் கருகுதல், குளிர்பதனப் பெட்டியைத் தொட்டால் சுரீரெனல் ஆகியவை அவை. மரப்பட்டியில் ஓடும் ரப்பர் உறைக் கம்பி இன்னும் இருந்தால், வேறு அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டா.

ஃபியூஸ் போனதும் தடித்த கம்பியைக் கட்டுவது நம்மில் பலரின் வழக்கம். அது காவற்காரனின் வாயைக் கட்டுவதற்கு ஒப்பாகும். அவன் ஏன் கூவினான் என்பதையே நாம் ஆராய வேண்டும்.

உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு 500 வோல்ட் மெகர் கருவியால் சோதிப்போம். காப்புத்தடை 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் பழுதைக் கண்டறிந்து, உறை நைந்த கம்பிகளை மாற்றுவதே முறை. விளக்குகளுக்கு 1.5, பவர் பிளக்குகளுக்கு 2.5 சதுர மி.மீ. செம்புக்கம்பி பொதுவாக ஏற்றது. முறையான எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் உடன் அமைய வேண்டும்.

செலவை எண்ணித் தயங்குவோர், மதிப்பீட்டுப் பட்டியலுடன் கிளையை அணுகி வீட்டுப் பழுதுபார்ப்புக் கடன் குறித்துக் கேட்டறியலாம். நகையைப் பெட்டகத்தில் காக்கும் நாம், அதை அணிபவரின் உயிரைக் கருகிய சுவிட்சிடம் ஒப்படைக்கலாமா?