"அதை 'க' என்போம்"

அன்புள்ள மலர்விழிக்கு,

1+2+4+8+… என்று இரட்டித்துக்கொண்டே போனால் கூட்டுத்தொகை என்ன? அதை 'க' என்போம். இரண்டால் பெருக்கினால் 2+4+8+… வருகிறது. முதலில் இருந்த 1 மட்டும் காணோம். எனவே 2க = க − 1. இருபுறமும் க-வைக் கழித்தால் க = −1. கூட்டியதெல்லாம் மிகை எண்கள், கிடைத்ததோ குறை எண்!

பெருக்கலிலும் கழித்தலிலும் ஓட்டையைத் தேடினால் அகப்படாது. அதே வித்தையை 1+1/2+1/4+1/8+… மீது செய்து பார். க = 1 + க/2; விடை 2. இது சரியான விடை. 1, 1.5, 1.75, 1.875 என்று தொகை 2-ஐ நெருங்கிக்கொண்டே போகிறது. முன்னதிலோ 1, 3, 7, 15 என எகிறுகிறது. ஆக, களவு நடந்த இடம் 'அதை க என்போம்' என்ற அந்தச் சாதுவான வரி. இல்லாத எண்ணுக்குப் பெயர் வைத்தாயிற்று, அதை வைத்துக் கணக்கும் போட்டாயிற்று.

இத்தாலியத் துறவி கிராண்டி 1703-இல் 1−1+1−1+… தொடரை ஆராய்ந்தார். இரண்டிரண்டாகச் சேர்த்தால் 0. இன்னொரு வழியில் (க = 1 − க) 1/2. சூனியத்திலிருந்து உலகம் படைக்கப்பட்டதற்கே இதை ஆதாரமாக்கினார்! இப்படி எந்த எண்ணிலும் நிலைகொள்ளாத 'விரியும்' தொடருக்குக் கூட்டுத்தொகையே கிடையாது என்று 1821-இல் கணிதவியலாளர் கோஷி கறாராகச் சொன்னார்.

தொகை இருப்பது உறுதியானால் மட்டும் போதுமா? அதுவும் போதாது. 1−1/2+1/3−1/4+… ஏறக்குறைய 0.693-இல் குவிகிறது, அதாவது அந்த எண்ணை நெருங்கிக்கொண்டே போகிறது. எதையும் விடாமல், ஒரு மிகை உறுப்புக்கு இரண்டு குறை உறுப்பு என்று வரிசையை மாற்று: 1−1/2−1/4+1/3−1/6−1/8+… ஒவ்வொரு மிகை உறுப்பையும் அடுத்துள்ள குறை உறுப்போடு சேர்த்தால் 1/2−1/4+1/6−1/8+… பழைய தொடரில் சரிபாதி! முழுதும் பாதியும் சமம் என்று 'நிறுவ' இவ்வளவே போதும். இங்கே குற்றவாளி வரிசை மாற்றம். முடிவுள்ள கூட்டலில் எப்படி அடுக்கினாலும் ஒன்றுதான். முடிவிலியில் அந்த உரிமை தானாக வராது. கழித்தல் குறிகளை நீக்கிய பிறகும் தொடர் குவிந்தால் தாராளமாக அடுக்கலாம். 1+1/2+1/3+1/4+… எல்லையின்றி வளர்வதால் இங்கே அது செல்லாது. தான் குவிந்தாலும் குறிகளை நீக்கினால் விரிகிற இத்தகைய தொடரை அடுக்கி, விரும்பிய எண்ணை வரவழைக்கலாம் என்றே கணிதவியலாளர் ரீமான் காட்டினார்.

இராமானுஜன் 1913-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் 1+2+3+… = −1/12 என்றாரே என்பாய். தம் கோட்பாட்டின்படி என்று சொல்லித்தான் எழுதினார். அது சாதாரணக் கூட்டல் அன்று, வேறு விதி. விதியை விழுங்கிவிட்டுச் சமன்பாட்டை மட்டும் பரப்புகிறவர்களால்தான் தொல்லை.

உனக்கு ஒரு கணக்கு. க = 0.999… என்க. 10க = 9.999…; கழித்தால் 9க = 9, க = 1. இதுவும் முதல் கணக்கின் சாயலில்தான் இருக்கிறது. இதில் ஓட்டை உண்டா? 0.9, 0.99, 0.999 எங்கே போகின்றன என்று பார்த்துவிட்டுப் பதில் எழுது.