தோல்வி தானாகப் பாடம் சொல்லாது



கெலிஓயாவிலிருந்து ஓர் இளைஞர் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், கொழும்பில் அவர் பார்த்துவந்த வேலை போய்விட்டது. ஊருக்குத் திரும்பினார். அதன்பின் கிடைத்ததெல்லாம் இடைக்கிடை வந்துபோகும் கூலி வேலைதான். பாடசாலை நாள் முதல் கதை எழுதும் பழக்கம் உள்ளவர். பங்கின் ஒளிவிழாவுக்கு நாடகம் எழுதிக் கொடுத்தவர். இப்போது பேனாவைத் தொடவே மனம் வரவில்லை என்கிறார். கடிதத்தின் முடிவில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்:

"தோல்வி பாடம் புகட்டும் என்று பிரசங்கத்திலும் பத்திரிகையிலும் சொல்லுகிறீர்கள், சுவாமி. எனக்கு அது ஒரு பாடத்தையும் புகட்டவில்லை. கோபத்தை மட்டுந்தான் தந்திருக்கிறது. குறை என்னிடமா, உங்கள் வார்த்தையிலா?"

தமது பெயரைக் குறிப்பிட வேண்டாமென்று கேட்டிருக்கிறார். ஆனால் அவருடைய கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமல்ல. ஆகவே இவ்வாரப் பாடத்தை அக்கேள்வியைச் சுற்றியே அமைக்க விரும்புகிறேன்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கடிதம் கிடைத்த அன்றே அவருக்கு ஒரு பதில் எழுதினேன். எல்லாம் நன்மைக்கே, பொறுமையாயிரும், ஆண்டவர் வழிகாட்டுவார் என்று ஒரு பக்கம் நிரம்பியது. தபாலில் சேர்க்குமுன் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். வயிறு நிறைந்தவன் பசித்தவனுக்கு எழுதிய கடிதமாக இருந்தது. கிழித்துவிட்டேன். அந்த இளைஞர் கேட்டது சரியே. குறை எங்கள் வார்த்தையில்தான்.

ஒரே சிறை, இரு மனிதர்

துன்பம் தானாக எவரையும் கற்பிப்பதில்லை. தொடக்கநூலில் யோசேப்பின் வரலாற்றைத் திறந்து பாருங்கள். எகிப்தின் சிறையில் யோசேப்பும் இருந்தார். அரசனுக்குக் கிண்ணம் ஏந்தியவனும் இருந்தான். அதே சுவர், அதே இருட்டு, அதே உணவு. கிண்ணம் ஏந்தியவன் விடுதலையானான். வெளியே சென்றதும் தனக்கு உதவிய யோசேப்பை மறந்தான். இரண்டு ஆண்டுகள் கழித்து அரசன் கனவு கண்டபோதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. சிறை அவனுக்கு ஒன்றும் கற்பிக்கவில்லை.

யோசேப்போ சிறைக்குள் மற்றக் கைதிகளின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். காலையில் அவர்களுடைய முகம் வாடியிருப்பதைக் கண்டு, காரணம் விசாரித்தார். அவர்களுடைய கனவுகளுக்குப் பொருள் சொன்னார். சிறைக்குள்ளே அவருக்கு ஒரு வேலை இருந்தது. அந்த வேலைதான் அவரைப் பக்குவப்படுத்தியது.

இவ்வாரம் நாம் மனத்திற் பதிக்க வேண்டியது இதுவே. தோல்வி ஓர் அறை, வேறொன்றுமில்லை. அந்த அறைக்குள் நாம் கையில் எடுக்கும் வேலைதான் ஆசிரியர். வேலை எதையும் எடுக்காதவனுக்கு அந்த அறை வெறும் அறையாகவே இருந்துவிடும்.

கண்டியில் ஒரு காவலறை

இதற்கு உதாரணம் தேடி எகிப்துக்கே போக வேண்டியதில்லை. கெலிஓயாவில் பஸ் ஏறிப் பேராதனையைத் தாண்டினால் கண்டி. அங்கேதான் நடந்தது.

புனித யோசேவ் வாஸ் அடிகளார் 1651இல் கோவாவில் பிறந்தவர். ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரத்தைக் கைப்பற்றியபின், கத்தோலிக்கக் குருக்கள் இங்கே இருக்கக் கூடாதென்று தடைசெய்திருந்தார்கள். குருக்களின்றித் தவித்த மக்களைத் தேடி, 1687இல் கூலியாளைப்போல் வேடமணிந்து, யோவான் என்ற பணியாளரோடு அவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். நோயுற்றார், ஒளிந்து வாழ்ந்தார், இரவிலே திருப்பலி ஒப்புக்கொடுத்தார். தமிழ் கற்று, தமிழ் மக்களிடையே பணிபுரிந்தார். பின்பு புத்தளம் சென்று, அங்கிருந்து 1692இல் கண்டி இராச்சியத்தின் தலைநகரை அடைந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்த வரவேற்பு சிறை. போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று ஒருவர் மன்னனிடம் பழிசுமத்தினார். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைக் காவலில் வைத்தான்.

அவருடைய நிலையை எண்ணிப் பாருங்கள். வயது நாற்பத்தொன்று. ஐந்து வருட அலைச்சலுக்குப்பின் தேடி வந்த நகரம் கண்முன்னே இருக்கிறது. வெளியே கால்வைக்க முடியாது. சுமத்தப்பட்ட குற்றமோ பொய். தம் தரப்பை எடுத்துச் சொல்வோமென்றால் சுற்றியிருப்போர் பேசுவது சிங்களம். அது அவருக்குத் தெரியாது.

அவர் என்ன செய்தார்? சிங்களம் கற்கத் தொடங்கினார்.

இதை நாம் விரைவாக வாசித்துவிட்டுப் போய்விடுகிறோம். சற்று நின்று பார்ப்போம். மறைபரப்ப வந்தவர் மாணவராக உட்கார்ந்தார். எந்த மக்களின் நாட்டில் அடைபட்டுக் கிடந்தாரோ, அவர்களுடைய மொழியையே கற்றார். நாற்பது வயதுக்குமேல் ஒரு புதிய மொழியை எழுத்துக் கூட்டிப் படிப்பது எளிதன்று. பிழையாகப் பேச வேண்டும்; மற்றவர்கள் சிரிக்க, நாமும் சேர்ந்து சிரிக்க வேண்டும்; மறுநாள் மீண்டும் கேட்க வேண்டும். பெரிய பணி பறிபோனபோது இந்தச் சிறிய பணியை அவர் அற்பமென்று தள்ளவில்லை.

நாளடைவில் காவல் தளர்ந்தது. காவலிடத்திலேயே ஒரு கொட்டில் அமைத்து அதை ஆலயமாக்கினார். பின்னர் மன்னனின் நம்பிக்கையையும் பெற்றார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, நோயாளரை உறவினரே கைவிட்டபோது, அவர்களைத் தேடிச்சென்று கழுவி உணவூட்டியவர் அவர். மதம் பாராது அந்தப் பணியைச் செய்தார். 1711 சனவரி 16ஆம் நாள் கண்டியிலேயே உயிர்நீத்தார், கோவாவுக்குத் திரும்பவேயில்லை. 2015 சனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

சிறையிலே கற்ற மொழி இல்லாதிருந்தால், பெரியம்மையால் துடித்தவனிடம் "எங்கே வலிக்கிறது?" என்று அவர் எப்படிக் கேட்டிருப்பார்?

எழுத்தாணி பிடித்த கை

அவரிடமிருந்து இந்தப் பாடத்தைப் பெற்றுக்கொண்டவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள். இவரும் கோவாவைச் சேர்ந்தவர். 1705இல் இலங்கைக்கு வந்தார். தமிழையும் சிங்களத்தையும் ஆழக் கற்று இரண்டிலும் நூல்கள் இயற்றினார், அகராதிகளும் தொகுத்தார். சிங்களக் கத்தோலிக்க இலக்கியத்தின் தந்தை என்று அவரைப் போற்றுகிறார்கள்.

அவர் எழுதிய சூழ்நிலை என்ன? 1730களில் ஒல்லாந்தர் கொழும்பில் அச்சகம் நிறுவினார்கள். ஆனால் அது கத்தோலிக்கருக்கு உதவவில்லை. ஓலையில் எழுதி, ஓலைக்கு ஓலை படியெடுத்துத்தான் ஊர் ஊராக அனுப்ப வேண்டும். குருவானவர் எப்போது வருவார் என்று தெரியாத ஊர்களில், அந்த ஏடுகளே மக்களுக்கு மறைபோதகராயின. ஆளில்லாக் குறை ஒருபுறம், அச்சில்லாக் குறை மறுபுறம். அந்தக் குறைகளை மனத்திற் கொண்டே, மக்கள் கேட்டுப் பாடி மனனம் செய்யத்தக்க முறையில் எழுதினார்.

தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கக் கேட்டிருப்பீர்கள். அது அவருடைய ஆக்கமே. ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் அந்நூலைக் கேட்டு நம் பாட்டிமார் கண்ணீர் விட்டார்கள். அந்தக் கண்ணீரில் தங்கள் வீட்டுத் துயரமும் கலந்திருந்தது. துயரத்தை ஒளிக்காமல், அதற்கு ஒரு வடிவம் கொடுத்து, பலரும் சேர்ந்து சுமக்கத்தக்கதாக ஆக்கினார் அடிகள். படைப்பு வேலையின் பெரும்பயன் இதுதான்.

அநீதிக்கு நன்றி சொல்ல வேண்டாம்

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். வேலை நம்மைப் பக்குவப்படுத்தும் என்பதால், நமக்கு நேர்ந்த அநீதி நல்லதாகிவிடாது.

நம் மலையகத்தின் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையை எண்ணிப் பாருங்கள். பூண்டுலோயா மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர். 1947 தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தோட்ட மக்களின் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. அவரை அனுப்பிய மக்களுக்கு அடுத்த தேர்தலில் வாக்கில்லை.

அவர் தொழிற்சங்கப் பணியை விடவில்லை. பேனாவையும் கீழே வைக்கவில்லை. தேயிலைத் தோட்டத்து வாழ்வை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். தொழிலாளர் வாயில் வழங்கிய தாலாட்டையும் ஒப்பாரியையும் வேலைப் பாட்டையும் கேட்டுக் கேட்டு எழுதிவைத்தார். "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" என்ற அத்தொகுப்பு 1983இல் நூலாக வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. அதைக் காண அவர் இருக்கவில்லை.

வாக்குரிமை பறிபோனது இறைவனின் பரிசு என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது மனிதர் செய்த அநீதி. ஆனால் வாக்குச்சீட்டில் இடமில்லாமற்போன மக்களின் குரலுக்கு அவர் ஏட்டில் இடம் தேடினார். அநீதியை எதிர்ப்பதும் வேலை செய்வதும் அவருக்கு இரண்டு வழிகளாக இருக்கவில்லை.

வேலை கற்றுத் தருபவை

படைப்பு வேலை என்றால் கதையும் கவிதையும் மட்டுமென்று நினைக்க வேண்டாம். சட்டை தைப்பவர், மேசை செய்யும் தச்சர், நத்தாருக்குப் பாலன் குடில் கட்டும் பிள்ளைகள், பாடகர் குழுவுக்கு மெட்டமைப்பவர், வீட்டின் பின்புறத்தில் மரக்கறித் தோட்டம் போடும் தாய் ஆகிய எல்லாரும் படைப்பவர்களே. அந்த வேலை அவர்களுக்கு மூன்று காரியங்களைக் கற்றுத் தருகிறது.

முதலாவது, அளவு. தோல்வியுற்றவனுக்குத் தன் வாழ்வு முழுவதும் பாழாகிவிட்டதாகத் தோன்றும். வேலையோ அவனுக்கு முன்னால் ஒரு சிறு துண்டை வைக்கிறது. இன்று ஒரு சொல், இன்று ஒரு தையல், இன்று ஒரு பாத்தி. முழு வாழ்வையும் நிமிர்த்த அவனால் முடியாது. ஒரு பாத்தியை நிரவ முடியும்.

இரண்டாவது, பிழையோடு பழகுதல். எரேமியா இறைவாக்கினர் குயவன் வீட்டுக்குச் சென்ற நிகழ்ச்சி நினைவிருக்கும். வனைந்த பாண்டம் கையிலேயே கெட்டுப்போனது. குயவன் களிமண்ணை வெளியே எறியவில்லை. அதே மண்ணை எடுத்து வேறொரு பாண்டமாக வனைந்தான். கைவேலை தெரிந்தவனுக்குப் பிழை என்பது தீர்ப்பு அல்ல. இனிச் செய்யவேண்டியதைக் காட்டும் அடையாளம். இதைத் தன் வேலையில் கண்டவன், தன்னைப் பற்றியும் அவ்வாறே எண்ணப் பழகுகிறான்.

மூன்றாவது, அடுத்தவர். தோல்வி நம்மை நம்மைச் சுற்றியே சுழல வைக்கும். வேலையோ "இது யாருக்கு?" என்று கேட்கும். வாஸ் அடிகளாருக்கு நோயாளர். கொன்சால்வெஸ் அடிகளுக்குக் குருவில்லா ஊர்கள். வேலுப்பிள்ளைக்குத் தோட்டத்து மக்கள். தனக்காக மட்டும் எழுதுபவனின் மை சீக்கிரம் வற்றிவிடும்.

கெலிஓயாத் தம்பிக்கு

தம்பி, உமக்கு வேலை தேடித்தர இந்தப் பத்திரிகையால் முடியாது. வேலையைத் தேடுவதை நீர் நிறுத்தவும் வேண்டாம். உமது கோபமும் பாவமல்ல. அதை மறைக்காமல் ஆண்டவரிடம் சொல்லும். திருப்பாடல்களை எழுதியவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

நாவல் எழுத உட்கார வேண்டாம். நாளுக்கு ஒரு பக்கம் போதும். உமது ஊரில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே வீதியில் கடை வைத்திருக்கிறார்கள். ஒரே பஸ்ஸில் கண்டிக்கும் கம்பளைக்கும் போகிறார்கள். அவர்கள் பேசுவதைக் கேளும். தெரியாத மொழியின் ஒரு சொல்லை நாள்தோறும் கற்றுக்கொள்ளும். தோட்டத்திலே வளர்ந்த வயதான ஒரு தாயிடம் போய், அவர் இளமையில் பாடிய பாட்டொன்றைப் பாடச் சொல்லி எழுதிவையும். அவர் பாடி முடிக்கும்வரை உமது துயரம் கொஞ்சம் ஓரமாய் நின்றுகொள்ளும்.

எழுதிய பக்கம் நன்றாக வராமற் போகலாம். கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் எழுதும். உமக்கு எழுதிய முதற் பதிலை நானும் அப்படித்தான் கிழித்தேன். இந்தக் கட்டுரை எனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு.

சிந்தனைக்கு

1. அண்மையில் எனக்கு நேர்ந்த தோல்வி எது? அதில் மனிதர் செய்த அநீதி எவ்வளவு, என் பிழை எவ்வளவு? இரண்டையும் பிரித்தறிந்தேனா?

2. அந்நாள் முதல் நான் கைவிட்ட நல்ல வேலை எது? அதில் இவ்வாரமே மீண்டும் தொடங்கக்கூடிய மிகச் சிறிய பகுதி எது?

3. துன்பத்தில் இருக்கும் ஒருவருக்கு "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்லிவிட்டு நான் எழுந்து வந்ததுண்டா? இம்முறை அவரருகே சற்று அதிக நேரம் உட்கார்ந்திருப்பேனா?

இவ்வாரச் செபம்: ஆண்டவரே, கண்டியின் காவலறையில் உம் ஊழியருக்கு ஒரு புதிய மொழியைக் கற்பித்தீர். நாங்கள் அடைபட்டிருக்கும் அறைகளிலும் எங்கள் கைகளுக்கு ஒரு வேலையைத் தாரும். அதன் பயன் எங்களோடு நின்றுவிடாமல் அடுத்தவரைச் சேரச் செய்தருளும். ஆமென்.